ஏல மேடைக்கு வரும் இல்லறச் சித்திரங்கள்

டப்ளின் நகரின் மத்தியில் செயிண்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் என்று விசாலமான ஒரு பூங்காச் சதுக்கம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குச் சில வருஷங்களே இருந்த தறுவாயில், வால்டர் ஆஸ்போர்ன் என்ற ஐரிஷ் ஓவியர் அந்தச் சதுக்கத்தில் தமது சித்திரசாலையை வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள கனவான்களையும் சீமாட்டிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் உருவப்படங்களாக எழுதி ஜீவனம் நடத்தினார். அதே சதுக்கத்தின் ஓரமாகவே, ஐரிஷ் ஓவியங்களை ஏலம் கூறி விற்கும் பழமையான ஸ்தாபனம் ஒன்றும் இன்று நடந்து வருகிறது. ஆஸ்போர்னின் படம் ஒன்று விற்பனைக்கு வருமானால், அதிலும் அது ஒரு வீட்டுக் கூடத்தையோ தோட்டத்தையோ, அங்கே தன் போக்கில் விளையாடிக்கொண்டிருக்கும் பெண்குழந்தையையோ காட்டுவதாக இருக்குமானால், சேகரிப்பாளர்களிடையே உண்டாகும் பரபரப்பு கொஞ்சநஞ்சமல்ல. விற்பனை அட்டவணையில் அதற்கு ஒரு வர்ணப் பிரதி. நீள அகலம் சென்டிமீட்டரில். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்ற உடைமை வரலாறு. அதன் கீழே, குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று யூரோவில் ஒரு மதிப்பீடு. ஏலதாரரின் சுத்தியல் மேஜையில் ஒரு முறை விழுந்ததும், படம் ஒரு வீட்டுச் சுவரை விட்டு இன்னொரு வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது. இடையே முன்காட்சிக்கு வைத்திருக்கும் சில தினங்களில் மட்டும் ஊரார் கண்ணில் அது படுகிறது.

சட்டத்துக்கு உட்பட்ட இந்த வியாபாரத்தில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. விற்பவரும் வாங்குபவரும் ஏலம் நடத்துபவரும் தத்தம் காரியத்தை ஒழுங்காகவே செய்கிறார்கள். ஆயினும், ஓர் ஓவியன் கூலிக்காக எழுதாமல், தன் சொந்த வீட்டாரை வாத்ஸல்யத்தினால் எழுதிவைத்த சித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனிக் கைகளுக்குச் சிதறிப்போவது ஒரு தேசத்துக்கு நேரும் மெய்யான நஷ்டம் என்றும், அத்தகைய படம் விற்பனைக்கு வரும்போது அதைக் கேட்டு வாங்கும் முதல் உரிமை பொதுஜனங்களுக்கு உரிய காட்சிசாலைக்கே இருக்கவேண்டும் என்றும் நான் நம்புகிறேன். அதற்கான காரணங்களைச் சொல்லுமுன், ஆஸ்போர்னின் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்போர்ன் 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டப்ளினை ஒட்டிய ராத்மைன்ஸ் என்னும் பகுதியில், காசில்வுட் அவென்யூ என்ற வீதியிலுள்ள ஒரு வீட்டில் பிறந்தார். அவருடைய தகப்பனார் வில்லியம் ஆஸ்போர்னும் ஓவியரே. சீமான்களின் வேட்டை நாய்களையும் குதிரைகளையும் எழுதுவதில் பேர் பெற்றவர். செல்வக் குடும்பம் என்று சொல்லமுடியாது. கௌரவமாகக் காலம் தள்ளிய நடுத்தரக் குடும்பம். மகன் ராயல் ஹைபர்னியன் அகாடமியின் பள்ளியில் பயின்று பரிசுகள் வாங்கி, 1881-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் போய் வெர்லா என்ற ஆசிரியரிடம் கற்று, பிறகு பிரான்ஸின் பிரிட்டனி பிரதேசத்துக் கிராமங்களில் வெட்டவெளியில் நின்று எழுதும் முறையைப் பழகினார். குவிம்பெர்லே என்ற ஊரில் 1883-ஆம் ஆண்டில் அவர் எழுதிய, ஆப்பிள் பழம் பொறுக்கும் பெண்களின் படம் இன்று அயர்லாந்தின் தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது. அதன்பின் பல வருஷங்கள் கோடை தோறும் இங்கிலாந்தின் கிராமங்களில் தங்கி, ஆட்டு மந்தைகளையும் கடலோரச் சிறுவர்களையும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் போக்கிலேயே அவர் போயிருந்தால், திறமைசாலிகளான பல கிராமக் காட்சி ஓவியர்களில் ஒருவராக நின்றிருப்பாரோ என்னவோ. அவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு துக்கம்.

அவருக்கு வயலட் என்று ஒரு சகோதரி இருந்தாள். ஸ்டாக்லி என்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியரை மணந்து, அவர் உத்தியோகம் பார்த்த கனடா தேசத்துக்கு அவள் போனாள். 1893-ஆம் ஆண்டில், ஒரு பெண்குழந்தையைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டு, பிரசவத்திலேயே அவள் இறந்துபோனாள். அந்தச் சிசுவை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து டப்ளினுக்குக் கொண்டுவந்து, காசில்வுட் அவென்யூ வீட்டில் பாட்டனார் பாட்டியாரிடம் ஒப்படைத்தார்கள். தாயின் பெயரையே அதற்கும் இட்டிருந்தார்கள். விவாகம் செய்துகொள்ளாத வால்டர், வயோதிகப் பெற்றோரையும் தாயில்லாத இந்தக் குழந்தையையும் காப்பாற்றும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். தாய்மாமன் என்ற உறவுக்குள்ள கனத்தைத் தமிழ் வாசகர்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. நிரந்தர வருமானம் வேண்டும் என்பதற்காக அவர் கிராம யாத்திரைகளைக் குறைத்துக்கொண்டு, டப்ளினிலேயே தங்கி, உருவப்படம் எழுதும் தொழிலில் இறங்கினார். அந்தத் தொழிலிலும் அவர் சோடைபோகவில்லை. நோயல் கின்னஸ் சீமாட்டியையும் அவளுடைய மகளையும் சேர்த்து 1898-இல் அவர் எழுதிய படத்துக்கு, இரண்டு வருஷம் கழித்துப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அதே 1900-ஆம் ஆண்டில் தமக்கு அளிக்கப்பட்ட ‘ஸர்’ பட்டத்தை அவர் வேண்டாம் என்று மறுத்தார் என்பதும் அவருடைய சுபாவத்தைக் காட்டும்.

கூலிக்கு எழுதிய நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர் எழுதியவைதாம் நான் பிரஸ்தாபிக்கும் இல்லறச் சித்திரங்கள். அவற்றுள் ‘பொம்மைப் பள்ளிக்கூடம்’ என்று 1900-ஆம் ஆண்டில் அவர் எழுதிய படத்தைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். குழந்தை வயலட்டுக்கு அப்போது ஏழு வயசு. பொம்மைகளை மாணாக்கர்களாக உட்காரவைத்துக்கொண்டு அவள் பாடம் நடத்துகிறாள், அவ்வளவுதான் விஷயம். அந்தப் படத்தை அவர் எண்ணெய் வர்ணத்தில் எழுதாமல், காகிதத்தில் நீர்வர்ணத்தையும் பாஸ்டல் என்னும் வர்ணக் குச்சியையும் கலந்து எழுதியிருக்கிறார். பாஸ்டல் என்பது வர்ணப் பொடியை லேசான பசையால் பிடித்துக் குச்சியாக உருட்டிய சாதனம். ஈரம் உலரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் அதில் கிடையாது. கை ஓடும் வேகத்தில் வர்ணமும் ஓடும். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத குழந்தையை, அது எழுந்து ஓடிவிடுமுன் பிடித்து நிறுத்துவதற்கு இதைவிடத் தோதான சாதனம் வேறில்லை. ஆனால் அந்தப் பொடி காகிதத்தின்மேல் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பதால், விரல் பட்டாலே கலைந்துவிடும். கண்ணாடிக்குள் அடைத்து, வெளிச்சத்தை அளந்து காட்டி, ஈரக்காற்றுப் படாமல் காக்கவேண்டும். ஒரு குழந்தை தன் விளையாட்டில் லயித்திருக்கும் சமயத்தில் அதன் கழுத்தும் தோளும் வளைகிற பாவனையை, அந்தக் குழந்தையைத் தினமும் வீட்டில் பார்த்துப் பழகிய ஒருவரால்தான் இத்தனை சுலபமாக எழுத முடியும். சம்பளம் கொடுத்து உட்காரவைத்த மாதிரிப் பெண்ணிடம் இந்தச் சகஜம் வாராது.

1902-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘தோட்டத்தில் தேநீர்’ என்ற படமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. இலைகளின் ஊடே விழும் சூரிய ஒளி வெள்ளை உடைகளின்மேலும் மேஜை விரிப்பின்மேலும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது. சிற்சில இடங்களில் தூரிகை ஒரே வீச்சில் போட்ட வர்ணம் அப்படியே நிற்கிறது. இங்கே வருவது கையா, கோப்பையா என்று ஓவியர் தீர்மானிக்காமலே விட்டுவைத்த பகுதிகளும் உண்டு. ஏனெனில் அந்தப் படம் முடியவில்லை. 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, சுவாசகோசத்தில் கண்ட ஜுரத்தினால், நாற்பத்துமூன்று வயசில், தாம் பிறந்த அந்தக் குடும்பத்தின் மத்தியிலேயே ஆஸ்போர்ன் காலமானார். தகப்பனார் அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். முடிவுறாத அந்தப் படம் டப்ளின் நகரசபையின் ஹியூ லேன் காட்சிசாலையைச் சேர்ந்தது. அங்கே நுழைவதற்கு டிக்கட் கிடையாது.

இந்தப் படங்களை ‘வீட்டுக் காட்சி’ என்ற இலேசான பெயரில் ஒதுக்கிவிடும் மனோபாவம் புதியதல்ல. 1667-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அகாடமியைச் சேர்ந்த பெலிபியான் என்பவர், புராண சரித்திர விஷயங்களை எழுதும் ஓவியமே உத்தமம், மற்றவை படிப்படியாகத் தாழ்ந்தவை என்று வரிசைக்கிரமம் வகுத்தார். ஐரோப்பிய அகாடமிகள் நெடுங்காலம் அதையே வேதமாக ஓதின. அயர்லாந்திலோ இதற்கு மேல் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்போர்ன் இறந்து பதின்மூன்று வருஷத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தது. பிறகு சுதந்திரப் போரும் உள்நாட்டுப் போரும் வந்தன. தேசத்தின் கண் முழுவதும் வீரர்களையும் தியாகிகளையும் நாடிய காலத்தில், ராத்மைன்ஸ் வீட்டுத் தோட்டத்தில் தேநீர் அருந்துபவர்களுக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆனால் சரித்திரம் அப்படிப் பிரித்துக் கட்டக்கூடியதாக இல்லை. அந்தக் குழந்தையின் தகப்பனாரான ஸ்டாக்லி பிற்காலத்தில் அயர்லாந்துக்குத் திரும்பிக் கார்க் நகரத்துக் கல்லூரியில் பேராசிரியராகி, 1921-இல் சுதந்திரப் போராட்டக் கட்சியின் சார்பில் அந்த நாட்டுச் சட்டசபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பொம்மைப் பள்ளிக்கூடமும் புரட்சிச் சட்டசபையும் ஒரே குடும்பத்துக் கதையின் இரு பகுதிகள்.

மேலும், உலகத்தார் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இல்லறச் சித்திரம் ஒன்று அதே டப்ளின் தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது. கடிதம் எழுதும் எஜமானியும், அருகே கைகட்டிக் காத்து நிற்கும் பணிப்பெண்ணுமாக டச்சு ஓவியர் வெர்மீர் எழுதிய படம் அது. விக்லோ பிரதேசத்து ரஸ்பரோ மாளிகையிலிருந்து 1974-இலும் 1986-இலும் இரண்டு தடவை அதைக் கொள்ளையர்கள் அபகரித்துப்போனார்கள். இரண்டாம் தடவை போனது ஏழு வருஷம் கழித்து ஆண்ட்வெர்ப் நகரத்தில்தான் அகப்பட்டது. ஒரு டச்சு வீட்டில் ஒருத்தி கடிதம் எழுதுவது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும்போது, டப்ளின் வீட்டில் ஒரு தாயற்ற சிறுமி பொம்மைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது சில்லறை விஷயம் என்று எந்த நியாயத்தினால் சொல்லமுடியும்?

ஏல மண்டபத்தின் கணக்கு இதையெல்லாம் அறவே அறியாதது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல அட்டவணைகளில், படத்திலுள்ள குழந்தை யார், எந்த வீடு, எந்த வருஷம் என்று சிரத்தையோடு ஆராய்ந்து எழுதுகிறார்கள். அந்த ஆராய்ச்சியினால் கலைச்சரித்திரம் லாபம் அடைந்திருக்கிறது. ஆனால் மண்டபத்தின் தர்மம் ஒவ்வொரு படத்தையும் ஒரு தனி எண்ணாகப் பாவிப்பது. விற்பவருக்குக் குறைந்தபட்சமாக இவ்வளவு வந்தாகவேண்டும் என்று ரகசியமாக ஒரு தொகை குறித்துவைத்திருப்பார்கள்; அதற்குக் கீழே கேட்பு நின்றால் படம் விலைபோகாமல் திரும்பிவிடும்; மேலே போனால், சுத்தியல் விழுந்த விலையோடு ஏல ஸ்தாபனத்தின் கட்டணமும் வரியும் சேர்ந்து வாங்குபவரின் தலையில் ஏறும். இந்தப் போட்டியில் ஒரு பொதுக் காட்சிசாலை கலந்துகொள்வது எளிதல்ல. அதன் நிர்வாகிகள் கூடி ஆலோசித்து, பணம் ஒதுக்கி, அனுமதி வாங்கி வருவதற்குள், டெலிபோனில் கேட்கும் ஒரு தனவந்தர் காரியத்தை முடித்துவிடுவார். அந்த வீட்டில் அது நன்றாகவே பாதுகாக்கப்படலாம். ஆனால், தாயை எழுதிய படம் ஓரிடம், தோட்டம் ஓரிடம், குழந்தை மூன்று வயசில் ஓரிடம், எட்டு வயசில் ஓரிடம் என்று பிரிந்துபோனால், அந்தக் குழந்தை ஒரு கலைஞனின் கண்ணெதிரே வளர்ந்துவந்த பத்து வருஷ வரலாறு யார் கண்ணுக்கும் புலப்படாது. தனியாகப் பார்த்தால் இனிமையான ஒரு குழந்தைப் படம். வரிசையாகப் பார்த்தால், துக்கத்திலிருந்து மெல்ல மெல்ல எழுந்துவந்த ஒரு வீட்டின் சரித்திரம். பிரித்து விற்கப்படும்போது அழிவது இந்த இரண்டாவது பொருள்தான். அதற்கு அட்டவணையில் விலை போடுவதில்லை.

படங்கள் கண்மறைந்து போவது என்றால் என்ன என்பதற்கு அயர்லாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அலோஷியஸ் ஓகெல்லி என்பவர் 1883-இல், கோனமாரா பிரதேசத்து ஏழைக் குடிசை ஒன்றில் பாதிரியார் வந்து பூசை நடத்த, குடியானவர்கள் மண்தரையில் மண்டியிட்டு வணங்கும் காட்சியை எழுதினார். அடுத்த வருஷம் அது பாரிஸ் ஓவியக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது. அதன்பின் நூறு வருஷத்துக்குமேல் அது எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடின்பரோ நகரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த இல்லத்தில் அது இருப்பதை ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். திருடும் போகவில்லை, தீக்கும் இரையாகவில்லை. வெறுமனே ஒரு சுவரில் இருந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஐரிஷ் மக்கள் தங்கள் முன்னோரின் குடிசைக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டும் அந்த மகத்தான சித்திரத்தைப் பாராமலே பிறந்து வாழ்ந்து மடிந்தார்கள்.

பொதுவில் இருக்கும் படத்துக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. பலர் கண்ணும் பட்டுப்பட்டு, பிழை இருந்தால் திருந்தும். ஆஸ்போர்னிடம் அகாடமியில் பயின்ற மாணாக்கர்களில் வில்லியம் லீச் என்பவர் கீர்த்தி வாய்ந்தவர். அவர் எழுதியதென்று கருதி, வாத்துகளோடு ஒரு சிறுமி வனத்தில் நடந்துவரும் படமொன்றை 1970-இல் டப்ளின் தேசியக் காட்சிசாலை வாங்கியது. ஜனங்கள் அதன்மேல் உயிரை வைத்தார்கள். அஞ்சலட்டையிலும் சுவர்ப்படத்திலும் அது வீடுதோறும் புகுந்தது. பிற்பாடு நிபுணர்கள் ஆராய்ந்து, அதை எழுதியவர் ஸ்டான்லி ராயல் என்னும் ஆங்கில ஓவியர் என்று தீர்மானித்தார்கள். காட்சிசாலையும் தயங்காமல் பெயரை மாற்றி எழுதியது. அந்தப் படம் ஒரு தனவந்தரின் கூடத்தில் இருந்திருந்தால், யார் அருகே நின்று பார்த்திருப்பார்கள், யார் சந்தேகப்பட்டிருப்பார்கள், லீச்சின் பெயருக்குக் கொடுத்த விலையை விட்டுக்கொடுக்க எந்தச் சொந்தக்காரருக்கு மனம் வந்திருக்கும்? பெயர் மாறிய பிறகும் ஜனங்கள் அதன்மேல் வைத்த அன்பு மாறவில்லை என்பது அவர்களுக்கே பெருமை தருவது.

சித்திரங்கள் பொதுஜனங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காக டப்ளின் நகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹியூ லேன் என்ற ஓவிய வியாபாரி, தமக்குக் கிடைத்த லாபத்தையெல்லாம் நவீனச் சித்திரங்களில் போட்டு, 1908-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்கோர்ட் வீதியில் நகரசபைக் காட்சிசாலையைத் திறந்துவைத்தார். நிரந்தரக் கட்டடம் கட்டுவதுபற்றி நகரசபையோடு மனஸ்தாபம் உண்டாகி, 39 ஐரோப்பியப் படங்களை லண்டனுக்கு இரவலாகக் கொடுத்தார். பிறகு மனம் இரங்கி, அவை டப்ளினுக்கே சேரவேண்டும் என்று உயிலில் ஒரு பின்குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து மட்டும் இல்லை. 1915-ஆம் ஆண்டு மே மாதம் ‘லூசிடானியா’ கப்பலோடு அவரும் மூழ்கினார். அந்த ஒரு குறையால் இரண்டு தேசங்கள் நாற்பத்துநான்கு வருஷங்கள் வழக்காடி, 1959-இல்தான், மாறி மாறி இரு நகரங்களிலும் வைத்துக்கொள்வது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தனி மனிதரின் தாராளம் எத்தனை பெரியதாக இருந்தாலும், சட்டம் அதற்குப் பக்கபலமாக நில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும். 1916-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அபி வீதியிலிருந்த ராயல் ஹைபர்னியன் அகாடமியின் கட்டடம், அந்த வருஷக் கண்காட்சிக்கு வந்திருந்த படங்களோடு சாம்பலாயிற்று என்பதையும் இங்கே நினைத்துப்பார்க்கவேண்டும். எஞ்சி நிற்பவற்றின் அருமை அதனால் கூடுகிறது.

அந்த நாட்டுக்காரர் ஒருவர் இதே கொள்கையை நம்முடைய பக்கத்திலும் நிறைவேற்றிக் காட்டினார் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1915-இல் அயர்லாந்திலிருந்து சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு சித்திரசாலை அமையவும், பின்னர் 1935-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் தோன்றவும் காரணமாக இருந்தார். ராஜகுடும்பத்தார் மட்டும் கண்டுகளித்த ரவிவர்மாவின் படங்களின் முன்னே இன்று சாமானிய ஜனங்கள் நிற்கிறார்கள் என்றால், அதில் அந்த ஐரிஷ்காரருக்கும் பங்கு உண்டு.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானதே. சிறுவயதில் டப்ளின் தேசியக் காட்சிசாலையில் சுற்றித் திரிந்து தமக்குக் கிடைத்த கல்விக்கு நன்றியாக, பெர்னார்ட் ஷா தம்முடைய நூல்களின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு எழுதிவைத்து 1950-இல் காலமானார். அவருடைய நாடகம் ஒன்று ‘மை ஃபேர் லேடி’ என்று சங்கீத நாடகமாகி உலகமெங்கும் ஓடியபோது அந்த வருமானம் பெருகி, எத்தனையோ படங்கள் அதனால் வாங்கப்பட்டன. எழுபது வருஷத்துப் பதிப்புரிமைக் காலம் 2020-உடன் முடிந்தது. அந்த ஊற்றும் வற்றிவிட்டது. இப்போது மிஞ்சியிருக்கும் பெரிய வழி, ஒருவர் தேசியச் சொத்தாகக் கருதத்தக்க பொருளை அரசாங்க ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால், அதன் மதிப்பில் 80 சதவீதத்தை அவர் செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சட்டப் பிரிவு. 2015-ஆம் ஆண்டில் ரஸ்பரோ மாளிகையின் அறக்கட்டளையினர் பழைய ஐரோப்பியப் படங்கள் சிலவற்றை லண்டன் ஏலத்துக்கு அனுப்ப முற்பட்டபோது, ஊர் திரண்டு ஆட்சேபித்து, விற்பனை நிறுத்தப்பட்டது. தாடி வைத்த ஒரு மனிதரின் தலையை ரூபென்ஸ் எழுதிய படம் அதன் பயனாக டப்ளின் காட்சிசாலைக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அதன்கீழ்க் கொடுக்கப்படும் பொருள்கள் குறைந்தது 1,50,000 யூரோ பெறுமானமுள்ளவையாக இருக்கவேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ரூபென்ஸுக்கு அது பொருந்தும். குழந்தை ஒன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைக் காட்டும் கையகலக் காகிதப் படம் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரமுடியுமா? பெரிய மாளிகையின் சொத்துக்குச் சலுகை உண்டு, சின்ன வீட்டின் ஞாபகத்துக்கு இல்லை என்று ஆகிறது. ஏற்றுமதிக்கு அனுமதி வாங்கவேண்டும் என்ற விதியும் நாட்டை விட்டுப் போகும் படத்தைத்தான் கவனிக்கிறதே ஒழிய, நாட்டுக்குள்ளேயே மறைந்துபோகும் படத்தைக் கவனிப்பதில்லை.

பிரான்ஸ் தேசத்தில் 1921-ஆம் ஆண்டு முதல் வேறொரு முறை வழக்கத்தில் இருக்கிறது. ஏலம் தடையின்றி நடக்கும். யார் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சுத்தியல் விழுந்த கணத்தில், மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அரசாங்கப் பிரதிநிதி எழுந்து, இதை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது என்று அறிவிப்பார். பதினைந்து நாட்களுக்குள் அதை உறுதிசெய்து, கடைசியாகக் கேட்கப்பட்ட விலையையே கொடுத்துப் படத்தை ஒரு பொதுக் காட்சிசாலைக்குச் சேர்த்துவிடுவார்கள். விற்பவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. சந்தை நிர்ணயித்த விலை முழுவதும் அவர் கைக்கு வருகிறது. போட்டியில் முந்திக்கொண்டு விலையை ஏற்றவேண்டிய அவசியம் காட்சிசாலைக்கும் இல்லை. அயர்லாந்துக்கு மிகவும் ஏற்ற முறை இதுவே என்பது என் அபிப்பிராயம். இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு நிதியை ஒதுக்கிவிட்டு, ஐரிஷ் ஓவியர்கள் தம் சொந்தக் குடும்பத்தை எழுதிய படங்களுக்கு முன்னுரிமை கொடுத்தால், பத்து இருபது வருஷத்தில் காசில்வுட் அவென்யூ வீடு முழுவதும் ஒரே அறையில் திரும்பக் கூடிவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காக எழுதிய படம் வீட்டில் இருப்பதே பொருத்தம், காட்சிசாலையின் வெள்ளைச் சுவரில் அதன் உயிர் குன்றும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதப்பட்ட வீட்டிலேயே, அந்தக் குழந்தையின் வழித்தோன்றல்களிடமே ஒரு படம் இருக்குமானால், அதை அங்கிருந்து பிடுங்கவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பேத்தி பாட்டியின் முகத்தைக் கூடத்தில் வைத்துப் பார்ப்பதைவிட ஒரு சித்திரத்துக்கு வேறென்ன கௌரவம் வேண்டும்? ஆனால் ஏல அட்டவணையில் எண் போட்டு ஏறிய படத்துக்கு அந்த வீடு ஏற்கெனவே இல்லாமற் போய்விட்டது. இனி அது போகப்போவது வேறொருவருடைய வீடு. அங்கே அந்தக் குழந்தையின் பெயர்கூடச் சில தலைமுறைகளில் மறந்துபோகும். ஆஸ்போர்ன் தம் வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டவரும் அல்லர். தம் இளமை தொட்டு வருஷம் தவறாமல் அகாடமியின் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பிவந்தவர். பூங்கா ஒன்றின் பெஞ்சியில் ஒரு கிழவரும், கைக்குழந்தையோடு ஒரு தாயும் வெயிலும் நிழலும் படிய அமர்ந்திருப்பதை 1895-ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய படம் தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது. அந்த ஏழைகளின்மேல் விழும் ஒளியும், தம் சகோதரியின் மகள்மேல் விழும் ஒளியும் ஒரே கை எழுதியவை. இரண்டையும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பார்க்கும்படி செய்வது அரசாங்கத்தால் ஆகாத காரியமல்ல. வரிச் சலுகையின் வரம்பைச் சித்திரங்களுக்கு மட்டுமாவது குறைப்பதற்குச் சட்டத்தில் ஒரு வரித் திருத்தம் போதும். அது வருகிறவரையில், இத்தகைய படத்தை விற்க நினைக்கும் சொந்தக்காரர்கள் அட்டவணை அச்சேறுவதற்குமுன் காட்சிசாலைக்கு ஒரு கடிதம் எழுதி, அதே மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.